சீனக்குடா விமானத்தளம்: எண்ணெய்க்காகப் போட்ட ஓடுபாதை

திருமலையில், அதாவது இலங்கையின் கிழக்குக் கரைத் திருகோணமலையில், யாரிடமாவது சீனக்குடா விமானத்தளத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் வருவது ஒரே கதைதான். யப்பான்காரன் குண்டு போட்டான், ஒரு விமானம் எண்ணெய்க் குதத்தில் (எண்ணெய் சேமிக்கும் பெரிய இரும்புத் தொட்டியில்) வந்து விழுந்தது, ஒரு கிழமை எரிந்தது. கதை உண்மைதான், அந்தக் குதம் உருகிச் சுருண்டு கிடப்பதை இன்றும் பார்க்கலாம். ஆனால் 1942இன் அந்த ஒரு காலையோடு பேச்சை முடித்துக்கொள்வதால், அந்த இடத்தில் ஏன் ஒரு விமானத்தளம் வந்தது, வெள்ளைக்காரன் போன பிறகும் ஏன் அந்தக் காணிகள் எதுவும் ஊருக்குத் திரும்பவில்லை, ஏன் இன்றைக்கும் டில்லியும் கொழும்பும் சீனக்குடாவை வைத்து ஒப்பந்தம் எழுதுகின்றன என்பதெல்லாம் விளங்காமலே போய்விடுகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தத் தளத்தின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் பின்னால் எண்ணெய் இருக்கிறது. எண்ணெயைக் காக்கத் தளம் வந்தது, எண்ணெய்க்குப் பக்கத்தில் இருந்ததால் அடி விழுந்தது, இன்னொரு நாட்டின் எண்ணெயை அழிக்க ஓடுபாதை நீட்டப்பட்டது. கீழே உள்ளதை அந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள்.

முதலில் துறைமுகம். உலகத்தின் மிகச்சிறந்த இயற்கைத் துறைமுகங்களில் ஒன்று என்று பள்ளிக்கூடத்திலிருந்தே நமக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள், ஆனால் அதை ஆண்ட பிரித்தானியக் கடற்படையே 1905இல் இங்கிருந்த கப்பல் பட்டறையை இழுத்து மூடிவிட்டுப் போனது என்பதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. அட்மிரல் ஃபிஷர் அப்போது கடற்படையைச் சீரமைத்துக்கொண்டிருந்தார், ஜெர்மனிதான் பெரிய பயம், அதனால் கப்பல்களை ஐரோப்பாவுக்குப் பக்கத்தில் குவிக்க வேண்டும், தூரத்துத் தளங்கள் வீண்செலவு என்பது அவருடைய கணக்கு. திருமலை அந்தக் கணக்கில் அடிபட்டுப் போனது. ஏறக்குறைய ஒரு தலைமுறைக்கு இந்தத் துறைமுகம் தூங்கி வழிந்தது.

அதை எழுப்பியது எண்ணெய்தான். முதல் உலகப் போரை ஒட்டி பிரித்தானியக் கப்பல்கள் நிலக்கரியை விட்டு எண்ணெய்க்கு மாறின. 1921இல் சிங்கப்பூரில் பெரிய கடற்படைத் தளம் கட்டுவதென்று லண்டன் முடிவெடுத்தது. முடிவெடுப்பது சுலபம், ஆனால் போர் வந்தால் முழுக் கப்பற்படையும் ஐரோப்பாவிலிருந்து சூயஸ் வழியாகச் சிங்கப்பூர் வரை போக வேண்டுமே, வழியில் எண்ணெய் யார் வைத்திருப்பது? அந்த நீண்ட வழியில் போட்ட எண்ணெய்க் கிடங்குகளில் ஒன்றுதான் சீனக்குடா. 1920களில் தொடங்கி 1930கள் வரை, உள் துறைமுகத்தின் கரையிலும் அதற்கு மேலே காட்டுக்குள்ளும் நூறு வரையிலான இரும்புக் குதங்களை எழுப்பினார்கள். ஒவ்வொன்றும் பத்தாயிரம் டன்னுக்கு மேல் கொள்ளும், எல்லாவற்றையும் சேர்த்தால் பத்து லட்சம் டன் அளவு. இதே காலத்தில், 1927இல்தான், கல் ஓயாவிலிருந்து திருமலைக்கு ரயில் பாதையும் வந்து சேர்ந்தது. இன்றைக்கு நாம் ஏறி இறங்குகிற சீனக்குடா ஸ்டேஷன் அந்தப் பாதையில்தான் இருக்கிறது.

இவ்வளவு எண்ணெயை ஓரிடத்தில் வைத்தால் அதைக் காவல் காக்க வேண்டும். கப்பல் வருகிறதா என்று கடலைப் பார்க்கவும் வேண்டும். விமானத்தளம் அப்படித்தான் வந்தது, குதங்களுக்குக் கூப்பிடு தூரத்தில். 1939 ஓகஸ்டில் பிரித்தானிய விமானப்படையான ஆர்.ஏ.எப்.பின் 273ஆம் விமான அணி சீனக்குடாவிலேயே உருவாக்கப்பட்டபோது அதன் கையில் இருந்தவை வைல்டபீஸ்ட் என்ற பழைய இரட்டை இறக்கை விமானங்கள். மெதுவாகப் பறந்து கடலைச் சுற்றிப் பார்த்து வருவதற்கு அவை போதும். சண்டைக்கு ஆகாது. சண்டை சிங்கப்பூரில்தான் நடக்கும், இங்கே வராது என்று நம்பினார்கள்.

1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் விழுந்தது. மார்ச் 8இல் ரங்கூன் போனது, மார்ச் 23இல் அந்தமான் போனது. பின்வரிசைக் கிடங்காக இருந்த சீனக்குடா ஆறு கிழமைக்குள் முன்வரிசைக்கு வந்துவிட்டது. அவசர அவசரமாக ஹரிக்கேன் சண்டை விமானங்களை இண்டோமிட்டபிள் என்ற விமானந்தாங்கிக் கப்பலில் கொண்டுவந்து, ஓர் அணியைக் கொழும்புக்குப் பக்கத்து இரத்மலானைக்கும் மற்றதை, அதாவது 261ஆம் அணியை, சீனக்குடாவுக்கும் பறக்கவிட்டார்கள். 273ஆம் அணிக்கு ஃபுல்மர் விமானங்கள் கிடைத்தன. ரேடார் நிலையமும் அமைந்தது. எல்லாம் ஒரு மாதத்துக்குள்.

அந்த ஏப்ரலில் ஜப்பானிய வைஸ் அட்மிரல் நகுமோவின் தலைமையில் இந்து சமுத்திரத்துக்குள் வந்தது சாதாரணப் படை அல்ல. அகாகி, சோர்யு, ஹிர்யு, ஷோகாகு, ஸுய்காகு என்று ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்கள், நாலு மாதத்துக்கு முன் பேர்ள் ஹாபரை அடித்த அதே கப்பல்கள், அதே விமானிகள். ஏப்ரல் 4ஆம் திகதி கனேடிய விமானி லியனார்ட் பேர்ச்சல் தன் கெட்டலினா பறக்கும் படகிலிருந்து அவர்களைக் கண்டு செய்தி அனுப்பிவிட்டுச் சுடப்பட்டு விழுந்தார், பிடிபட்டார். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு காலை, கொழும்பு அடிபட்டது. அன்றே டோர்செட்ஷயர், கோர்ன்வோல் என்ற இரண்டு பெரிய போர்க்கப்பல்களும் மூழ்கின.

திருமலைக்கு வந்தது ஏப்ரல் 9ஆம் திகதி காலை ஏழு மணி தாண்டி. இங்கேதான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனென்றால் தோற்றதற்குக் காரணம் எச்சரிக்கை இல்லாததுதான் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். பேர்ச்சலின் செய்தி முதல்நாளே வந்திருந்தும், அது கொழும்புக்கு ஓரளவு பொருந்தும். அங்கே விமானங்கள் தலைக்கு மேல் வந்த பிறகுதான் பலர் ஓடினார்கள். திருமலையில் அப்படியில்லை. முதல் நாள் பிற்பகலே இன்னொரு கெட்டலினா ஜப்பானியக் கப்பல்களைக் கண்டுவிட்டது. இரவோடு இரவாகத் துறைமுகத்திலிருந்த கப்பல்களை வெளியே அனுப்பினார்கள். காலையில் ரேடார் சரியாக வேலை செய்தது, ஹரிக்கேன்கள் நேரத்துக்கு மேலே ஏறி உயரத்தில் காத்திருந்தன. சீனக்குடாவில் இருந்தவர்கள் தங்கள் கையில் இருந்ததை வைத்துச் செய்யக்கூடியதை ஒழுங்காகவே செய்தார்கள்.

அப்படிச் செய்தும் ஏன் அடி வாங்கினார்கள்? எதிரே வந்தவை சுமார் 90 குண்டுவீச்சு விமானங்கள், அவற்றுக்குத் துணையாக 40 அளவில் ஸீரோ சண்டை விமானங்கள். இந்தப் பக்கம் 17 ஹரிக்கேன், கூட ஆறு ஃபுல்மர். ஹரிக்கேன் நல்ல விமானம், ஆனால் ஸீரோவோடு வளைந்து வளைந்து சண்டை பிடித்தால் ஸீரோதான் வெல்லும். ஜப்பானிய விமானிகளோ அந்த நேரத்தில் உலகத்திலேயே மிகவும் பழக்கப்பட்டவர்கள். எட்டு ஹரிக்கேன்கள் போயின. ஜப்பான் பக்கத்திலும் சில விமானங்கள் விழுந்தன. துறைமுகத்தில் சகைங் என்ற சரக்குக் கப்பல் தீப்பிடித்தது, எரேபஸ் என்ற பீரங்கிக் கப்பலுக்குச் சேதம், விமானத்தளத்தின் கொட்டகைகளும் பட்டறைகளும் நொறுங்கின. அந்த எண்ணெய்க் குதம் எரிந்ததும் அப்போதுதான்.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது தளத்தின் அமைப்பு. துறைமுகம், எண்ணெய், ஓடுபாதை மூன்றும் சில கிலோமீட்டருக்குள். காவல் காக்க அது வசதி. அடிக்க வருபவனுக்கும் அதே வசதி, ஒரே பறப்பில் மூன்றையும் அடிக்கலாம், ஒன்றைத் தவறவிட்ட குண்டு மற்றதில் விழும். மேல் பகுதிக் குதங்களைக் காட்டுக்குள் பரப்பி ஒன்றுக்கொன்று இடைவெளி விட்டுக் கட்டியிருந்ததால்தான் ஒரு குதம் அத்தனை நாள் எரிந்தும் அடுத்தது பற்றவில்லை. அதைத் திட்டமிட்ட பொறியியலாளர்களை, அவர்கள் யாருக்காக வேலை செய்தார்கள் என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, பாராட்டத்தான் வேண்டும். ஒரு குதம் ஒரு கிழமை எரிந்த ஊரில் நூறு குதமும் எரிந்திருந்தால் கரையோரம் இருந்த வெள்ளைமணல், நாச்சிக்குடா போன்ற கிராமங்களின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். அந்த யோசனை எந்தப் போர் வரலாற்றிலும் இல்லை.

அன்றைய நாளின் பெரிய இழப்பு திருமலையில் நடக்கவில்லை, மட்டக்களப்புக் கடலில் நடந்தது. ஹேர்மீஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் முதல்நாள் இரவு வெளியே அனுப்பப்பட்டவற்றுள் ஒன்று. அது விமானந்தாங்கி, ஆனால் அதில் அன்றைக்கு விமானம் இல்லை. அதன் அணியை ஏற்கெனவே கரைக்கு இறக்கியிருந்தார்கள். தெற்கே போய்க்கொண்டிருந்த அதை ஜப்பானிய வேவு விமானம் கண்டுவிட்டது தெரிந்ததும், திரும்பித் திருமலைக்கு வேகமாக வா, கரையிலிருந்து விமானப் பாதுகாப்பு வரும் என்று உத்தரவு போனது. பாதுகாப்பு வரவில்லை. சீனக்குடாவின் ஹரிக்கேன்கள் அப்போதுதான் சண்டை முடித்து, பாதிக்குப் பாதி அழிந்து போயிருந்தன, தொடர்புகளும் குழம்பிப் போயின. இரத்மலானையிலிருந்து புறப்பட்ட ஃபுல்மர்கள் வந்து சேர்ந்தபோது கப்பல் மூழ்கிவிட்டது. ஹேர்மீஸில் 307 பேர் இறந்தார்கள். துணைக்கு வந்த அவுஸ்திரேலியக் கப்பல் வம்பயரும் போனது. வீட்டா என்ற மருத்துவக் கப்பல் பக்கத்தில் இருந்ததால் அறுநூறு பேர் வரை தப்பினார்கள், இல்லையென்றால் அவர்களும் இல்லை. விமானங்களை இறக்கிவிட்டுக் கப்பலை வெளியே அனுப்பியது, கரையில் உள்ள ஒரே ஒரு ஹரிக்கேன் அணியைத் துறைமுகத்துக்கும் கடலுக்கும் சேர்த்து நம்பியது, இரண்டுமே மேலிடத்தின் முடிவுகள். விமானிகளின் தலையில் இதைப் போடுவது நியாயமில்லை.

நகுமோ அதற்குப் பிறகு திரும்பி வரவில்லை. இரண்டு மாதத்தில் பசிபிக்கின் மிட்வேச் சண்டையில் அவருடைய அகாகி, சோர்யு, ஹிர்யு மூன்றும் மூழ்கின. பிரித்தானியக் கப்பற்படை மறுபக்கம் கென்யாவின் மொம்பாசா வரை ஒதுங்கிப் போய், 1944 தொடக்கத்தில்தான் திருமலைக்குத் திரும்பியது. நிலாவெளி வீதியில் இருக்கும் போர்க் கல்லறையில் முந்நூறு பேருக்கு மேல் கிடக்கிறார்கள், விமானப்படைக்காரர்களும் மாலுமிகளும், பெரும்பாலும் இருபதுகளில் இருந்த பொடியன்கள்.

அடுத்த கட்டம் நம்மூரில் அவ்வளவாகப் பேசப்படாதது. எனக்கு இதுதான் இந்தத் தளத்தின் வரலாற்றிலேயே மிகவும் பிடித்த பகுதி.

ஜப்பான் போருக்கு இறங்கியதே எண்ணெய்க்காக என்று சொன்னால் தப்பில்லை. சுமாத்திராவில் பாலெம்பாங் பக்கத்தில் இருந்த ப்ளாஜு சுத்திகரிப்பு ஆலையும் அதன் அயலில் இருந்தவையும் கையில் வந்ததும் அவர்களுடைய விமான எரிபொருள் கவலை தீர்ந்தது. அதை அடிக்க வேண்டும். ஆனால் எங்கிருந்து? அமெரிக்கர்களின் பி-29 சூப்பர்ஃபோர்ட்ரஸ் விமானங்கள் அப்போது வங்காளத்தில், கரக்பூர் பக்கத்துத் தளங்களில் இருந்தன. அங்கிருந்து பாலெம்பாங் எட்டாது. வரைபடத்தை எடுத்துப் பார்த்தால் எட்டக்கூடிய தூரத்தில் இருந்தது இலங்கை, இலங்கையிலும் நேரத்துக்குத் தயாராகக்கூடிய இடம் சீனக்குடா. அறுபது டன் அளவுக்கு எடை ஏறும் விமானத்துக்குப் பழைய ஓடுபாதை எந்த மூலைக்குக் காணும்? 7,200 அடிக்கு நீட்டினார்கள், நிறுத்துமிடங்களும் எரிபொருள் ஏற்பாடுகளும் செய்தார்கள்.

1944 ஓகஸ்ட் 10ஆம் திகதி மாலை 54 பி-29கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சீனக்குடாவிலிருந்து கிளம்பின. போய்வரும் தூரம் ஏறக்குறைய 3,855 மைல். அதுவரைக்கும் அமெரிக்க விமானப்படை நடத்தியதில் மிக நீண்ட தாக்குதல் அது. அவ்வளவு தூரத்துக்கு எரிபொருளை நிரப்பிய பிறகு குண்டுக்கு இடம் எங்கே, ஒரு விமானத்துக்கு ஒரு டன்தான். 39 விமானங்கள் இலக்கை எட்டின. இருட்டும் மேகமும் சேர்ந்து ஆலைக்குப் பெரிய சேதம் வராமல் செய்தன. ஆனால் அதே இரவில் எட்டு விமானங்கள் தாழப் பறந்து மூசி ஆற்றில் கண்ணிவெடிகளைப் போட்டன, எண்ணெய்க் கப்பல்கள் போய்வரும் ஒரே வழி அந்த ஆறு, அதனால் சில வாரங்களுக்குப் போக்குவரத்து தடுமாறியது. ஒரு விமானம் திரும்பும் வழியில் எரிபொருள் தீர்ந்து கடலில் இறங்கியது. பூமராங் என்று பெயர் வைத்த இந்த நடவடிக்கைக்குப் பிறகு பி-29கள் சீனக்குடாவிலிருந்து தாக்கப் போகவே இல்லை.

இத்தனை மாத வேலை, இவ்வளவு கொங்கிரீட், எல்லாம் ஓர் இரவுக்காக. படைத்துறைக் கணக்கில் அதைத் தோல்வி என்றுதான் எழுதுவார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஏனென்றால் குறி சரியானது, கருவிதான் பொருந்தவில்லை. சில மாதம் கழித்து அதே குறியைப் பிரித்தானியர்கள் வேறு கருவியோடு அணுகினார்கள். 1945 ஜனவரியில் திருமலையிலிருந்து புறப்பட்ட விமானந்தாங்கிக் கப்பல்கள் பசிபிக் போகிற வழியில் ஜனவரி 24, 29 இரண்டு நாளும் பாலெம்பாங் ஆலைகளை அடித்தன, இம்முறை பலத்த சேதம். அந்தக் கப்பல்களின் விமானங்கள் துறைமுகத்தில் நிற்கும் நாட்களில் பயிற்சிக்கு இறங்கும் கரைத்தளம் எது? சீனக்குடாதான். தளம் அதற்குள் ஆர்.ஏ.எப். கையிலிருந்து கடற்படைக்கு மாறி எச்.எம்.எஸ். பம்பாரா என்ற பெயரில் இயங்கிக்கொண்டிருந்தது. அதாவது சீனக்குடா நேரடியாகச் செய்ய முடியாததை, கப்பல்களைப் பழக்கி அனுப்பிச் செய்துவிட்டது.

போர் முடிந்தது, 1948இல் சுதந்திரமும் வந்தது, தளம் மட்டும் போகவில்லை. 1947இல் எழுதிய பாதுகாப்பு ஒப்பந்தம் பிரித்தானியருக்கு இங்கே தொடர்ந்து இருக்க இடம் கொடுத்தது. 1951 மார்ச் 2ஆம் திகதி றோயல் இலங்கை விமானப்படை தொடங்கிய பிறகும் சொந்த நாட்டில் விருந்தாளி மாதிரித்தான் இருந்தார்கள். 1956இல் பண்டாரநாயக்க பிரதமராக வந்து தளங்களைத் திருப்பிக் கேட்டார், அதே வருடம் சூயஸ் நெருக்கடி வந்தது, 1957இல் திருமலையும் கட்டுநாயக்கவும் கைமாறின. அதே அரசாங்கம் 1956இல் சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச்சிங்களச் சட்டத்தையும் கொண்டுவந்தது என்பதைச் சேர்த்தே நினைவு வைத்திருக்க வேண்டும். திருமலைத் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் அந்தக் கொடி இறக்கம் முழு மகிழ்ச்சியாக இருந்திருக்க முடியாது.

அப்புறம் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லலாம். சீனக்குடா விமானப்படையின் பயிற்சி இடமாகியது, இன்று விமானப்படை அகடமி அங்கேதான் இருக்கிறது. 1971 ஜே.வி.பி. கிளர்ச்சியின்போது அங்கே கிடப்பில் போட்டிருந்த ஜெட் புரொவோஸ்ட் விமானங்களைத் தூசி தட்டி மூன்றே நாளில் பறக்க வைத்தார்கள், சொந்த நாட்டு இளைஞர்கள்மீது. எண்பதுகளுக்குப் பின்னான யுத்தத்தில் அந்தப் பக்கம் முழுவதும் சோதனைச் சாவடியும் முள்வேலியுமாகியது. கிண்ணியாவிலிருந்தோ தம்பலகாமத்திலிருந்தோ பட்டணத்துக்கு வருபவர்களுக்குக் கண்டி வீதியில் அந்த இடத்தைத் தாண்டுவதே ஒரு பாடு. 2008 ஓகஸ்ட் 26ஆம் திகதி புலிகளின் சிறு விமானம் திருமலைக் கடற்படைத் தளத்தில் குண்டு போட்டது, 66 வருடத்துக்குப் பிறகு இந்த ஊருக்கு மேலே மறுபடியும் ஒரு வான்தாக்குதல். இப்போது அதே ஓடுபாதையில் உள்ளூர்ப் பயணிகள் விமானங்களும் இறங்குகின்றன, உல்லாசப் பயணிகள் நிலாவெளிக்குப் போகிறார்கள்.

ஓடுபாதையின் வேலை மாறிக்கொண்டே இருக்க, குதங்களைப் பற்றிய பேச்சு மாறவே இல்லை. 1987இல் ராஜீவ் காந்தியும் ஜனாதிபதி ஜே.ஆர். ஜயவர்தனவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தோடு பரிமாறிக்கொண்ட கடிதங்களில் இரண்டு விஷயம் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிறது: திருமலைத் துறைமுகத்தை இந்தியாவுக்குப் பாதகமாக எந்த நாட்டின் படைக்கும் கொடுக்கக்கூடாது, எண்ணெய்க் குதங்களை இரு நாடும் சேர்ந்து திருத்த வேண்டும். தமிழருக்கு என்ன கிடைக்கும் என்று நாம் வரிக்கு வரி படித்துக்கொண்டிருந்த அந்த நாட்களில், குதங்களைப் பற்றிய வரிகளை எத்தனை பேர் கவனித்தோம்? 2003இல் இந்தியன் ஒயில் நிறுவனத்தின் கிளையான லங்கா ஐஓசி உள்ளே வந்து துறைமுகத்தை ஒட்டிய கீழ்ப் பகுதிக் குதங்களை இயக்கத் தொடங்கியது. மேல் பகுதி காடு மூடிக் கிடந்தது. 2022 ஜனவரியில் கடைசியாகப் பங்கு பிரித்தார்கள்: கணக்கில் உள்ள 99 குதங்களில் 14 ஐஓசிக்கு, 24 பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மீதி 61 இரண்டும் சேர்ந்த ஒரு கம்பனிக்கு, அதில் கூட்டுத்தாபனத்துக்கு 51 வீதம். 2025 ஏப்ரல் 5ஆம் திகதி இந்தியா, இலங்கை, ஐக்கிய அரபு அமீரகம் மூன்றும் சேர்ந்து திருமலையை எரிசக்தி மையமாக்க உடன்படிக்கை எழுதின. சிங்கப்பூர் போகிற கப்பலுக்காக 1920களில் தெரிந்தெடுத்த அதே இடம், அதே இரும்பு.

இந்த நூறு வருடக் கதையில் சுற்றியுள்ள கிராமங்களிடம் ஒரு முறையாவது யாராவது கேட்டார்களா என்று பார்த்தால், குதம் கட்டும்போதும் இல்லை, ஓடுபாதையை நீட்டும்போதும் இல்லை, கைமாற்றும்போதும் இல்லை. இந்த முறையாவது கேட்க வேண்டும். குழாய் எந்தக் காணிக்குள்ளால் போகும், வளைகுடாவில் தோணி விடுபவர்களுக்கு எந்த நீர் மூடப்படும், தீப்பிடித்தால் யார் எப்படி ஊரை வெளியேற்றுவார்கள் என்பதைத் தமிழில் எழுதி, பிரதேச செயலகத்திலும் பள்ளிவாசலிலும் கோயிலிலும் ஒட்டிவிட்டு, அதற்குப் பிறகு வேலையைத் தொடங்கட்டும். அந்த உருகிய குதத்தையும் ஏலத்தில் இரும்பு விலைக்குப் போய்விடாமல் தொல்பொருள் சின்னமாகப் பதிவு செய்யட்டும். 2018இல் நமது கடற்படை, 1942இல் எரிந்த சகைங் கப்பலின் உடலைத் துறைமுகத்தின் அடியிலிருந்து மாதக்கணக்கில் பாடுபட்டு மிதக்க வைத்து வேறிடத்துக்கு மாற்றியது. கடலுக்கடியில் கிடந்ததை அவ்வளவு கவனமாகக் கையாள முடிந்தவர்களுக்குத் தரையில் நிற்கும் ஒரு குதத்தைச் சுற்றி வேலி போட்டு, என்ன நடந்தது என்று மூன்று மொழியில் ஒரு பலகை வைப்பது பெரிய வேலை இல்லை.